வாடையோடு வருகிறவர்கள்



இதழ் அச்சுக்குப் போகிற இந்த வாரத்தில் மந்தைவெளியில் காற்று திசை மாறிவிட்டது. ஆடியிலிருந்து புரட்டாசி பாதி வரைக்கும் மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்த காற்று ஓய்ந்து, விடியற்காலையில் வடக்கேயிருந்து லேசாக ஒரு குளிர்ச்சி வருகிறது. கொடியில் காயும் புடவை தெற்கு பார்த்து ஆடுகிறது. வாடை இறங்கியதற்கு என் வீட்டில் அதுதான் அடையாளம். இன்னும் சில நாளில் அடைமழை பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். போன வருடத்துக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். இரண்டு நாள் மழை விட்டு நல்ல வெயில். ஈரத்துணி வாளியோடு மாடிக்குப் போனேன். எதிர்வீட்டுப் பாட்டி அவர்கள் மாடியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். ‘கிருஷ்ணா, கிருஷ்ணா’ என்று உதடு அசைந்தது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தால் தென்னை உயரத்தில் வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக ஒரு கிருஷ்ணப் பருந்து. பட்டினப்பாக்கம் பக்கமிருந்து வந்து, கபாலி கோயில் பக்கமாக வளைந்து, மறுபடி கடலுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

“அதைப் பாக்காதே, அதுக்கு மேலே பாரு” என்றார் பாட்டி.

மேலே நீலத்தில் மிளகு தூவினாற்போல் சில புள்ளிகள். கண்ணை இடுக்கிப் பார்த்த பிறகுதான் அவை சுற்றுவது தெரிந்தது.

“அதுவும் பருந்துதானே பாட்டி?”

“பருந்துதான். ஆனா நம்மாத்துப் பருந்து இல்லே. நம்மளது சுத்திச் சுத்தி இங்கேயே வரும். இது சுத்தறது, ஒசரப் போறது, அப்புறம் நேரா தெக்கே போயிடறது. ஒண்ணுகூடத் திரும்பலே. நானும் ஒம்போது மணியிலேர்ந்து பாத்துண்டிருக்கேன்.”

ஐம்பது வருடமாக மாடியில் வடாம் காயப்போட்டு, காக்கையையும் பருந்தையும் காவல் காத்த கண் அது. உள்ளூர்ப் பருந்தையும் வழிப்போக்குப் பருந்தையும் பிரித்தறிய பறவை ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று துணியை மறந்து இருவரும் எண்ணினோம். சுற்றிக்கொண்டிருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக நழுவி அடையாறு பக்கம் போயின. ஏழு. கையில் காகிதம் இல்லை. கீழே ஓடிப்போய் மின்கட்டண அட்டையின் பின்பக்கத்தில் ‘10.20, ஏழு, தெற்கே’ என்று எழுதிவைத்தேன். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

உலகத்தில் எத்தனையோ பேர் இதையே வேலையாக வைத்திருக்கிறார்கள். வடக்கே குளிர் தொடங்கும்போது பருந்து, வல்லூறு, கழுகு இனங்கள் லட்சக்கணக்கில் தெற்கு நோக்கிக் கிளம்புகின்றன. குன்றின் மேலும் கடற்கரையிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து மாலைவரை அவற்றை எண்ணுகிறார்கள். மெக்சிகோவின் வெராக்ரூசில் ஒரே பருவத்தில் 40 லட்சத்துக்கும் மேல் கடந்து போகும். ஜார்ஜியா நாட்டின் பதுமியில், கருங்கடலுக்கும் மலைக்கும் நடுவே உள்ள சந்தில், 2008 முதல் எண்ணுகிறார்கள். அங்கே 10 லட்சத்தைத் தாண்டுகிறது. தாய்லாந்தின் சும்போன் அருகே ஒரு குன்றிலும் எண்ணுகிறார்கள். நம் சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது பழகிய விஷயமாகக்கூட இருக்கலாம். அங்குள்ள இயற்கைச் சங்கத்தார் வருடாவருடம் கூடி, தீவைக் கடந்து போகும் தேன் பருந்துகளை எண்ணுகிறார்கள். மலேசியாவில் போர்ட் டிக்சன் அருகே தஞ்சோங் துவானில், மார்ச் மாதம் அவை சுமத்திராவிலிருந்து நீரிணை தாண்டித் திரும்பி வருவதைப் பார்க்க ஊரே திரளும்.

இந்த இடங்களில் மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம்? காரணம் தரையில் இருக்கிறது. பெரிய இறக்கையை அடித்து அடித்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பது பருந்துகளுக்குக் கட்டுப்படியாகாது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, சூடான காற்று தூண்போல எழும்பும். அந்தத் தூணுக்குள் புகுந்து, இறக்கையை விரித்தபடி வட்டமிட்டால் செலவில்லாமல் உயரம் கிடைக்கும். உச்சிக்குப் போனதும் இறக்கையைக் கொஞ்சம் மடக்கி, அடுத்த தூண் வரை சறுக்கிக்கொண்டு போகலாம். ஏறுவது, சறுக்குவது, மறுபடி ஏறுவது. கடல் நீர் தரைபோல் சூடாகாததால் அங்கே இந்தத் தூண்கள் எழும்புவதில்லை. அதனால் முடிந்தவரை கடலைத் தவிர்த்து, குறுகலான நிலம் எங்கே இருக்கிறதோ அங்கே வந்து நெருக்குகின்றன. நம் தீபகற்பம் அப்படிக் குறுகியதல்ல. வருகிற பறவைகள் அகலமாகப் பரவிவிடும். ஆகவே சென்னையில் ஆயிரக்கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம். ஏழும் பத்துமாகத்தான் போகும். ஆனால் தி. நகர் தார்ச்சாலையும் கான்கிரீட் மாடிகளும் காலை பத்து மணிக்கே தோசைக்கல் மாதிரிக் காய்ந்துவிடுகின்றன. நமக்கு எரிச்சல் தரும் அந்தச் சூடுதான் மேலே போகிறவர்களுக்கு ஏணி.

இப்படி வருகிறவர்கள் யார் யார் என்று கேட்டால், எல்லாவற்றையும் சொல்ல இந்தப் பக்கம் போதாது. பள்ளிக்கரணைச் சதுப்பில் கோரைக்கு மேலாக இறக்கையை ‘வி’ வடிவில் தூக்கிவைத்து, தரையைத் தடவுவது போல் தாழப் பறப்பது சேற்றுப் பூனைப்பருந்து. அதன் உறவுகளான மற்ற பூனைப்பருந்துகள் கஜகஸ்தான், ரஷ்யப் புல்வெளிகளிலிருந்து வந்து, இரவில் புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாகத் தூங்கும். குஜராத்தின் வெளாவதர் உலகத்திலேயே பெரிய தங்கலிடங்களில் ஒன்று. அங்கேயும் ஆந்திரத்தின் ரோலபாடுவிலும் அந்தி நேரத்தில் வந்து இறங்குவதை எண்ணி எண்ணித்தான் இவை குறைந்துவருவது தெரிந்தது. டெல்லியில் ஆய்வாளர்கள், குளிர்காலத்தில் குப்பைமேட்டுக்கு வரும் கரும்பருந்துகளின் முதுகில் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். நாம் ஏறெடுத்தும் பார்க்காத அந்தப் பருந்துகள் காரகோரம் மலைத்தொடரை 6,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தாண்டி மத்திய ஆசியாவுக்குப் போயின. குப்பையைக் கிளறுகிற பறவை என்று ஒதுக்கிவிடுகிறோம். அது கே2 சிகரத்துப் பக்கமாக வந்த பறவை.

எனக்கு மிகவும் பிடித்தவர் விராலடிப்பான். அடையாறு முகத்துவாரத்தில், ஊரூர் ஆல்காட் குப்பம் தாண்டி உடைந்த பாலம் இருக்கிறதே, 1977 வெள்ளத்தில் அறுந்தது, அங்கே ஒரு கார்த்திகைக் காலையில் பார்த்தேன். வெள்ளை வயிறு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் நின்று இறக்கையை அடித்தது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல் அப்படியே நின்றது. பிறகு கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு விழுந்தது. ஒரு நொடி பறவையே காணோம், நுரைதான். எழும்பும்போது காலில் ஒரு மடவை துடித்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. பறந்துகொண்டே, கால்களுக்கு இடையில் மீனைத் திருப்பி, தலை முன்னால் வருமாறு வைத்துக்கொண்டது. காற்றைக் கிழிக்கத் தோதாக! வழுக்கும் மீன் நழுவாமலிருக்க அதன் பாதத்தில் முள்முள்ளாகச் செதில் உண்டு. வெளிவிரலைப் பின்பக்கம் திருப்பி, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு எனக் கவ்வவும் முடியும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், “நமக்கு முன்னாடி அது எடுத்துக்கிச்சு” என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை.

பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சூத்திரங்கள் அமையும் முறைக்கு நான்கு உவமை சொல்வார் பவணந்தியார். அதில் ஒன்று பருந்தின் வீழ்வு. உயரத்தில் சுற்றுகிற பருந்து சட்டென்று விழுந்து, தனக்கு வேண்டியதை மட்டும் கவ்விக்கொண்டு மேலே போய்விடும். அதைப்போல, இடையில் வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு விலகும் சூத்திரம். இலக்கணம் எழுதுகிறவர் வானத்தைப் பார்த்திருக்கிறார். அதற்கும் முன்னால், திணைகளுக்குக் கருப்பொருள் வகுத்தவர்கள் பருந்தைப் பாலைக்குக் கொடுத்தார்கள். பாலை பிரிவின் நிலம், வீட்டை விட்டு நெடுந்தூரம் போகிறவர்களின் வழி. அந்த வழியின் மேலே எந்தப் பறவை சுற்றும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இன்றைக்கு நாம் கூட்டமாகச் சேர்ந்து வானத்தைப் பார்ப்பது கும்பாபிஷேகத்தன்று மட்டும்தான். 2016 ஏப்ரல் 3 அன்று கபாலீஸ்வரர் கோயில் குடமுழுக்கில் நான்கு மாட வீதியும் நிரம்பி, சுற்றியுள்ள மாடிகளும் நிரம்பி வழிந்தன. கலசத்தில் நீர் ஊற்றும் நேரம் நெருங்க நெருங்க எல்லோரும் தேடியது கருடனை. இத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில், ஒரே பறவைக்காக அண்ணாந்து நிற்கும் பழக்கம் வேறு எந்த நகரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரிந்து சொல்ல முடியவில்லை. அந்தக் கண்கள் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம் மேலே திரும்பினால் போதுமே என்று அடிக்கடி நினைப்பதுண்டு.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் தி. நகரில் இதைச் செய்துபார்த்தேன். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 2023இல் திறந்த ஆகாய நடைமேடை இருக்கிறது. அதன் நடுவே பைனாகுலரோடு ஓரமாக நின்றேன். ரங்கநாதன் தெரு கீழே தலைத்தலையாக நெளிந்துகொண்டிருந்தது. கைக்குட்டை விற்கும் பையன் பக்கத்தில் வந்து நின்று, “இன்னாக்கா பாக்கறீங்க?” என்றான். சொன்னேன். “அந்த டவர் மேல பாருங்க. குளிர் ஆரம்பிச்சா ஒண்ணு வந்து குந்திக்கும். புறா புடிக்கும். ரெக்கை மட்டும்தான் கீழ வுழும்.”

செல்போன் கோபுரத்தின் மேல் குறுக்குக் கம்பியில், தோளைக் குறுக்கிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. பைனாகுலரில் பார்த்தேன். கன்னத்தில் மை தீட்டிய மீசை, மஞ்சள் வளையமிட்ட கண். பொரி வல்லூறு. சைபீரியத் துந்திரத்தில் முட்டையிட்டு, குளிருக்கு இங்கே வருகிற இனம். புறாவைத் துரத்தி மேலிருந்து விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும், உயிரினங்களிலேயே விரைவானது. பைனாகுலரைப் பையனிடம் கொடுத்தேன். நிறைய நேரம் பார்த்தான். “மீசை வெச்சிருக்குக்கா” என்றான். பறவைப் புத்தகங்களிலும் அந்தக் கறுப்புத் தாரைக்கு மீசை என்றுதான் பெயர்.

இதைவிடச் சின்ன உடம்பு ஒன்று இதைவிடப் பெரிய பயணம் போகிறது. அமூர் வல்லூறின் எடை 150 கிராம்தான், ஏறக்குறைய ஓர் ஆழாக்கு அரிசி. சீனாவின் வடகிழக்கிலும் சைபீரியாவின் தென்கிழக்கிலும் குஞ்சு பொரித்து, ஆப்பிரிக்காவின் தெற்கு வரை போய்த் திரும்பும். வழியில் அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தில் லட்சக்கணக்கில் இறங்கி ஈசலைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். 2012இல் தோயாங் நீர்த்தேக்கத்தில் வலை விரித்து ஒரே பருவத்தில் 1 லட்சத்துக்கும் மேல் பிடித்துக் கொன்றார்கள். படங்கள் வெளியானதும் நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே ஊர்ச் சபைகள் கூடித் தடை போட்டன. 2013இல் அங்கே வலை விரிக்கப்படவில்லை. அந்த நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, நாகா, ஓகா, பாங்தி என்று பெயர் வைத்தார்கள். பாங்தி என்பது வலை விரித்த ஊர்களில் ஒன்றின் பெயர். அந்தப் பறவைகள் வங்காள விரிகுடாவைக் கடந்து, தீபகற்பத்தைக் குறுக்கே தாண்டி, அரபிக்கடலுக்கு மேலாக நிற்காமல் ஆப்பிரிக்கா போயின. கடலைத் தவிர்ப்பதுதான் வழக்கம் என்று சற்றுமுன் சொன்னேன். இந்த ஆழாக்கு அரிசிக்கு அந்த வழக்கம் கிடையாது.

நடுக்கடலில் அவை எதைத் தின்னும்? இதே நாட்களில் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று பழமொழியே உண்டு. அந்தத் தட்டான்களில் ஓர் இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது என்று 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் எழுதினார். வல்லூறு போகும் காலமும் அதுவே. கடல் மேல் தட்டானைப் பிடித்துத் தின்றுகொண்டே போகக்கூடும் என்பது அவர் கருத்து. அடுத்தமுறை கடற்கரையில் தட்டான் உங்கள் தோளில் உட்கார்ந்தால் ஒரு நொடி பொறுத்துத் தட்டிவிடுங்கள்.

சரி, பார்ப்பது இருக்கட்டும், எதற்கு எண்ண வேண்டும்? இந்தக் கேள்வியை என் வீட்டிலேயே கேட்டார்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மலை. இலையுதிர்காலத்தில் அதன் முகட்டைக் கடந்து போகும் பருந்துகளையும் கழுகுகளையும் வேட்டைக்காரர்கள் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளுவார்கள். 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, துப்பாக்கிக்காரர்கள் நுழையக் கூடாது என்று காவலுக்கு ஆள் போட்டார். ஹாக் மவுண்டன் என்பது இடத்தின் பெயர். காவலுக்கு வந்த மாரிஸ் பிரவுன் தினமும் முகட்டில் உட்கார்ந்து, கடந்து போவதை எண்ணி நோட்டில் எழுதினார். எழுதுவதைச் சரியாக எழுதினார், அவ்வளவுதான். 1935 முதல் 1939 வரை அவர் கண்ட வெண்தலைக் கழுகுகளில் 100க்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை பார்த்தால் 100க்கு 20தான். பெரிய கழுகுகள் பறந்துகொண்டிருந்தன, குஞ்சுகள் இல்லை. டிடிடி பூச்சிக்கொல்லி பற்றி ரேச்சல் கார்சன் 1962இல் ‘மௌன வசந்தம்’ எழுதியபோது சாட்சிக்கு நின்றவற்றில் அந்த நோட்டும் ஒன்று. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது.

நம் கதை இதைவிடக் கசப்பானது. என் வயதுக்காரர்களில் பலர் சின்ன வயதில் திருக்கழுக்குன்றம் மலை ஏறியிருப்பார்கள். உச்சிவேளையில் குருக்கள் பாறையில் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருப்பார். எங்கிருந்தோ இரண்டு கழுகுகள் வந்து இறங்கித் தின்றுவிட்டுப் போகும். எண்ணெய் தடவினாற்போல் மஞ்சள் முகம், அழுக்கு வெள்ளை உடம்பு. மஞ்சள்முகப் பாறு என்பது அவற்றின் பெயர். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. காசியில் குளித்துவிட்டு இங்கே வந்து சாப்பிட்டுவிட்டு ராமேஸ்வரம் போகின்றன என்று அம்மா சொன்னாள். 1990களோடு அந்த வருகை நின்றுபோனது. அதே ஆண்டுகளில் நாடு முழுக்கப் பாறுகள் செத்து விழுந்தன. பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் 1980களில் ஒருமுறை கணக்கெடுத்து வைத்திருந்தார். மறுபடி எண்ணியபோதுதான் சரிவின் ஆழம் புரிந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004இல் உறுதியானது. 2006இல் அந்த மருந்தை மாடுகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு, 1992இல் 1,000 இருந்த இடத்தில் 1 என்ற கணக்குக்கு வந்துவிட்டது.

பழைய கணக்கு இருந்ததால்தான் புதிய கணக்குக்குப் பொருள் கிடைத்தது. பழைய கணக்கு இல்லாத பறவைகள் எத்தனையோ. மயிலாப்பூருக்கு மேலே 1970இல் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை போயின என்று கேட்டால், எங்கள் பாட்டியின் கண்ணில் மட்டும்தான் பதில் இருக்கிறது. அவரும் “நிறையப் போகும்” என்றுதான் சொல்கிறார்.

பறவையைக் கவனித்து எழுதும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி அனுப்பிவைத்த 22 சென்னைப் பறவைகளின் படங்கள் 1713இல் லண்டனில் அச்சாகின. இந்தியப் பறவைகளைப் பற்றி அறிவியல் நூலில் வந்த மிகப் பழைய படங்களில் அவையும் சேரும். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலை வீட்டில் இருந்தபடி, 1950 முதல் 1996இல் மறையும்வரை ஒரே பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து எழுதினார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கை, வீட்டுச் சுவரில் உட்காரும் காக்கையையும் வைரியையும் அதே அக்கறையோடு எழுதியது. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978 முதல் நடக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகளை எண்ணுகிறார்கள். கோலம் போட்ட கையோடு பலர் வாசலில் நின்றே எண்ணியிருக்கிறார்கள்.

இப்போது உதவிக்கு வருகிறேன்.

வரும் ஐப்பசி, கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில், மழை இல்லாத காலைகளில், ஒன்பதரை மணியிலிருந்து பதினொன்று வரை உங்கள் மொட்டைமாடியில் இருங்கள். அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் மாடிச் சாவிக்குச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். தொப்பி, தண்ணீர், ஒரு நோட்டு. பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இருந்தால் குழந்தைகள் சூரியன் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை விட்ட மறுநாள் வெயில் அடித்தால் அந்தக் காலையைத் தவறவிட வேண்டாம். வெறும் நீலத்தில் புள்ளியைக் கண்டுபிடிப்பது கடினம். வெள்ளை மேகத்தின் விளிம்பைத் துழாவுங்கள். கூட்டம் சுற்றும்போது எண்ண முயன்றால் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவோம்; உச்சிக்குப் போய் ஒவ்வொன்றாக நழுவும், அப்போது எண்ணுங்கள். எந்தத் திசைக்குப் போகின்றன என்பதும் முக்கியம். வட்டமடித்து இங்கேயே நிற்பதை ‘உள்ளூர்’ என்று தனியாகக் குறியுங்கள்.

பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். வாலில் பிளவு இருந்தால் கரும்பருந்து. இறக்கை கத்தி போலக் கூர்மையாக இருந்தால் வல்லூறு இனம். இறக்கை குட்டையாக உருண்டு, வால் நீண்டு, நாலு முறை அடித்து ஒருமுறை சறுக்கினால் வைரி. பலகை போல அகன்று, நுனியில் விரல்விரலாகப் பிரிந்திருந்தால் கழுகாக இருக்கலாம். இதுவும் புரியாவிட்டால் ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ஊகித்து ஒரு பெயர் போடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொன்று. ஒன்றரை மணி நேரம் நின்றும் ஒன்றும் வரவில்லை என்றால், ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி அனுப்புங்கள். அதுவும் கணக்கு. வந்த நாளை மட்டும் எழுதினால், எல்லா நாளும் வந்ததுபோல் ஆகிவிடும். தேதி, நேரம், பகுதி, மேகம், காற்று, எண்ணிக்கை, இவ்வளவு ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். வருவதையெல்லாம் தொகுத்துத் தை இதழில் வெளியிடுவோம். ஈபேர்ட் தளத்தில் நீங்களே பதிவது எப்படி என்று உள்பக்கத்தில் ஒரு கட்டுரை இருக்கிறது. வீட்டில் காத்தாடி விடும் பிள்ளைகள் இருந்தால் மாஞ்சா நூல் வேண்டாம் என்று இந்தச் சாக்கிலேயே சொல்லிவிடுங்கள். இறக்கை அறுந்து விழும் பருந்துகளை இந்த ஊர் நிறையப் பார்த்துவிட்டது.

இந்த வருடம் எங்கள் மாடிக்கணக்கு போன ஞாயிறே தொடங்கிவிட்டது. பாட்டிக்கு வைகாசியில் ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். இன்னொரு கண்ணுக்குத் தையில் தேதி. ஒரு கையால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு, கைப்பிடிச்சுவரில் சாய்ந்து நின்றார். பத்தேகாலுக்கு ராமகிருஷ்ண மடம் சாலைக்கு மேலே ஒரு கூட்டம் சுற்றி எழும்பியது. இருவரும் அவரவர் மாடியிலிருந்து வாய்விட்டு எண்ணினோம். நழுவி முடிந்ததும் நான் “எட்டு” என்றேன். “ஒம்போது” என்றார் பாட்டி. “கடைசியா ஒண்ணு தனியா போச்சே, நீ நோட்டைப் பாத்துண்டிருந்தே.”

நிமிர்ந்து தேடினேன். அடையாறு பக்கம் வெறும் வெயில்தான் இருந்தது. நோட்டில் ‘10.15, எட்டு, தெற்கே’ என்று எழுதி, பக்கத்தில் ‘பாட்டி: ஒன்பது’ என்று குறித்துவைத்தேன்.

அன்புடன்,
ஆசிரியர்